நீதிமன்றத்துக்கு வராத பாஸ்போர்ட்

1933 ஜூலை 4. வில்லியம் ஜாய்ஸ் என்ற இருபத்தேழு வயது இளைஞர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் எழுதினார். பிறந்த ஊர், அயர்லாந்தின் கால்வே. பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜை. இரண்டுமே பொய். அவர் பிறந்தது நியூயார்க்கின் புரூக்ளினில். அப்பா 1894இலேயே அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். குழந்தைக்கு மூன்று வயதிருக்கும்போது குடும்பம் அயர்லாந்து திரும்பியது, கால்வேயில் பையன் வளர்ந்தான். அவ்வளவுதான் அந்த ஊருக்கும் அவருக்கும் உள்ள உறவு. பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி என்று விடுமுறைக்குச் சுற்றிவர வேண்டும் என்றார். ஐந்து வருடத்துக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் நீல அட்டையைத் திருப்பினால் மன்னர் பெயரால் ஒரு வேண்டுகோள் இருக்கும்: இதை வைத்திருப்பவரைத் தடையில்லாமல் போகவிடுங்கள், உதவியும் பாதுகாப்பும் கொடுங்கள் என்று. அந்தப் ‘பாதுகாப்பு’தான் பிற்பாடு தூக்குக் கயிறாகத் திரிக்கப்பட்டது.

1938இல் ஒரு வருடம் புதுப்பித்தார். அடுத்த புதுப்பிப்பு 1939 ஆகஸ்ட் 24. பிரிட்டன் போரில் இறங்கப் பத்தே நாள் இருந்தது. பாசிஸ்டான ஜாய்ஸ் பெர்லினுக்குப் போய்விட்டார். செப்டம்பர் 18 முதல் ஜெர்மன் வானொலியில் ஆங்கிலச் செய்தி அறிவிப்பாளர் வேலை. ‘லார்டு ஹா-ஹா’ என்று இங்கிலாந்து அறிந்த குரல்களில் மிகப் பிரபலமானது அவருடையது.

1945 மே 28 அன்று, டென்மார்க் எல்லைக்குப் பக்கத்தில் ஃப்ளென்ஸ்பர்க் அருகே, விறகு பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பிரிட்டிஷ் ராணுவத்தினரிடம் அவரே பேச்சுக் கொடுத்தார். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. நீங்கள் ஜாய்ஸ்தானே என்று கேட்டதும் அவர் கை சட்டைப்பைக்குப் போனது. துப்பாக்கி என்று நினைத்து அந்த இருவரில் ஒருவரான ஜெஃப்ரி பெர்ரி சுட்டார். பையில் இருந்தது வில்ஹெல்ம் ஹான்சன் என்ற பெயரில் ஜெர்மானியர்கள் செய்துகொடுத்த போலி பாஸ்போர்ட். சொந்தப் பெயரிலான ராணுவச் சான்றும் கூடவே இருந்ததால் ஆள்மாறாட்டம் சில நிமிடம்கூட நிற்கவில்லை. சுட்ட பெர்ரியும் பிறந்தபோது வேறு பெயர்க்காரர்தான்: நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த ஜெர்மன் யூதர்.

செப்டம்பரில் லண்டன் ஓல்டு பெய்லியில் விசாரணை நடந்தது. 1351ஆம் ஆண்டின் ராஜத்துரோகச் சட்டத்தில் மூன்று குற்றச்சாட்டுகள். அவர் அமெரிக்கர் என்று நிரூபணமானதும் முதல் இரண்டும் விழுந்தன. மூன்றாவது நின்றது: எதிரிக்காக வானொலியில் பேசியது, 1939 செப்டம்பர் 18 முதல் 1940 ஜூலை 2 வரை, அதாவது பாஸ்போர்ட் செல்லுபடியான காலம் வரைக்கும். மன்னரின் பாதுகாப்பைக் கேட்டு வாங்கியவர் மன்னருக்கு விசுவாசமும் கடன்பட்டவர், பொய் சொல்லி வாங்கியிருந்தாலும் கடன் கடன்தான் என்று வாதாடினார் அட்டர்னி ஜெனரல் ஹார்ட்லி ஷாக்ராஸ். வெளிநாட்டுக்காரர் நாட்டைவிட்டுப் போனதோடு அந்தக் கடனும் தீர்ந்தது என்றது எதிர்த்தரப்பு. பாஸ்போர்ட்டுக்குப் பொய் எழுதினால் வழக்கமான தண்டனை சிறு அபராதம்தான் என்பதை வரலாற்றாசிரியர் ஏ. ஜே. பி. டெய்லர் பிற்பாடு நினைவூட்டினார். ஜாய்ஸுக்குக் கிடைத்தது தூக்கு.

அந்தப் பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. அது சான்றாக வரவே இல்லை. அதில் இன்னது எழுதியிருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வழக்கு நடந்தது. பெர்லினில் செய்தி வாசித்தபோது அது அவர் கையில் இருந்ததா, பயன்படுத்தும் எண்ணம் இருந்ததா, குப்பையில் போட்டுவிட்டாரா? மேல்முறையீட்டில் பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தண்டனையை உறுதிசெய்தார்கள். போர்ட்டர் பிரபு மட்டும், இந்தக் கேள்வியை ஜூரிகளிடம் விட்டிருக்க வேண்டும் என்று மறுத்தார். ஜாய்ஸ் மேல் எனக்கு இரக்கம் கிடையாது. கொலைகாரர்களுக்காகப் பேசிய வாய் அது. ஆனால் உயிரை எடுக்கும் வழக்கில் போர்ட்டர் கேட்டது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன்.

1946 ஜனவரி 3, வாண்ட்ஸ்வொர்த் சிறையில் தூக்கு நிறைவேறியது. பிரபுக்கள் தங்கள் தீர்ப்புக்கான காரணங்களை வெளியிட்டது பிப்ரவரி 1 அன்று. சிறை வளாகத்தில் புதைத்த உடலை 1976இல் எடுத்துப் போய் மறுபடி அடக்கம் செய்தார்கள், கால்வேயில்.