பேட்டரி என்கிற வில்லன்

1957, ஜூன் 30. இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் 'ரேடியோ குவீன்' என்ற மாடல் விமானத்தைப் பறக்கவிட்டார். புகை இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. காரணம், உள்ளே சுற்றியது மின்மோட்டார்! ரேடியோ மூலம் இயக்கப்பட்ட மின்சார மாடல் விமானம் பறந்ததாக முதன்முதலில் பதிவானது அன்றுதான்.

வேடிக்கை என்னவென்றால், மாடல் விமானப் பிரியர்களிடம் அந்தக் கர்னலின் பெயர் நிலைத்தது மின்சாரத்தால் அல்ல... 'டாப்ளின் ட்வின்' என்ற இரட்டை சிலிண்டர் டீசல் இன்ஜினால்!

மோட்டார் மேல் குற்றமில்லை. வில்லன், பேட்டரி. கர்னல் வைத்திருந்தது வெள்ளி-துத்தநாக பேட்டரி. எடைக்கு நல்ல சக்தி தரும். ஆனால் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். கொஞ்ச தடவை சார்ஜ் செய்ததுமே மண்டையைப் போட்டுவிடும். கைக்காசைப் போட்டு விளையாடுகிறவருக்குக் கட்டுப்படியாகுமா?

இந்தத் தலைவலி 19-ம் நூற்றாண்டிலேயே ஆரம்பித்துவிட்டது. 1884, ஆகஸ்ட் 9 அன்று பாரீஸ் அருகே ரெனார், கிரெப்ஸ் என்ற இரு ராணுவ அதிகாரிகள் 'லா பிரான்ஸ்' என்ற மின்சார ஆகாயக் கப்பலில் கிளம்பி, 23 நிமிஷத்தில் 8 கிலோமீட்டர் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினார்கள். உலக சாதனை! ஆனால் பேட்டரியின் எடை மட்டும் 435 கிலோ. அந்தச் சுமையைத் தூக்கியது ராட்சத வாயுப் பை. இறக்கையை நம்பிப் பறக்கும் விமானத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஜெர்மனியில் ஃப்ரெட் மிலிட்கி என்ற இன்ஜினீயர் வேறு வழியில் யோசித்தார். பேட்டரி கொடுப்பதே கொஞ்சம், அதை ஏன் வீணாக்க வேண்டும்? சின்ன மோட்டாரை வேகமாகச் சுற்றவிட்டு, கியர் வைத்து வேகத்தைக் குறைத்து, பெரிய ப்ரொப்பெல்லரை நிதானமாகச் சுழற்றினார். குட்டி விமானம் சத்தமில்லாமல் மேலே போனது. மனுஷர் அதோடு விடவில்லை. 1973, அக்டோபர் 21 அன்று ஆஸ்திரியாவில் அவருடைய யோசனைப்படி ஒரு நிஜ கிளைடரில் மோட்டாரும் நிக்கல்-காட்மியம் பேட்டரிகளும் பொருத்தப்பட்டன. ஹைனோ பிர்டிஷ்கா அதை ஓட்டினார். சுமார் 9 நிமிஷம். மனிதனைச் சுமந்த முதல் மின்சார விமானம் அது.

அமெரிக்காவின் பாப் பௌச்சரும் மாடல் விமான மோட்டார்கள் செய்தவர்தான். 1981-ல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய 'சோலார் சேலஞ்சர்' விமானத்துக்கு மோட்டார் அவர் கைவண்ணம். அதில் பறப்பதற்கான பேட்டரியே கிடையாது. நேராகச் சூரிய ஒளி! வில்லனைக் கதையிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

கடைசியில் வில்லன் திருந்தினான். 1991-ல் சோனி லித்தியம்-அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2000-க்குப் பிறகு அதன் தம்பி லித்தியம்-பாலிமர், மாடல் விமானங்களுக்குள் புகுந்தது. நிக்கல்-காட்மியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு சக்தி, அதே எடையில். கூடவே கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்களும் சேர்ந்துகொள்ள, ஆட்டமே மாறியது.

ஆனால் கணக்கு மாறவில்லை. இன்றைக்கும் 'பெரிய மோட்டாராகக் கொடுங்க' என்று கேட்பவர் ஏமாறுவார். முதலில் விமானத்தை எடை போட வேண்டும். கொஞ்சம் சாகசம் செய்ய, கிலோவுக்குச் சுமார் 200 வாட். 11.1 வோல்ட் பேட்டரி என்றால் 18 ஆம்பியர் ஓடும். தாங்குகிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 25, 30 ஆம்பியராவது இருக்க வேண்டும். 2,200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, முழு வேகத்தில் சுமார் 7 நிமிஷம் வரும். நேரம் போதவில்லை என்று இரட்டிப்புப் பேட்டரி வைத்தால் எடை ஏறும். அதைத் தூக்க இன்னும் வாட் வேண்டும். ப்ரொப்பெல்லரைக் கொஞ்சம் பெரிதாக்கினால்? ஆம்பியர் எகிறி, கருவி புகைந்துவிடும்! ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் ஆடும்.

மின்சாரத்தில் பறப்பது பொம்மை விளையாட்டு என்று ஒரு காலத்தில் சிரித்தார்கள். இன்று மின்சார டாக்ஸி விமானம் செய்யக் கோடிகளைக் கொட்டும் கம்பெனிகள் முட்டிக்கொண்டு நிற்பது, ரெனாரும் கிரெப்ஸும் நின்ற அதே சுவரில்தான். எத்தனை கிலோ பேட்டரி, எத்தனை நிமிஷம்?