ஊரறியச் சொல்லும் உள்ளம்

தன்னைப் பற்றிப் பிறரிடம் சொல்ல விழையாத மாந்தர் அரியர். மகிழ்ச்சி வந்தால் கேட்க ஒரு செவி வேண்டும்; துன்பம் வந்தால் சாய ஒரு தோள் வேண்டும். இவ்வேட்கை இன்று கைப்பேசியில் குடியேறியிருக்கிறது. குழந்தையின் முதற்பல் முதல் தந்தையின் இறுதி ஊர்வலம் வரை யாவும் முகநூலிலும் வாட்சப் குழுக்களிலும் படமாகவும் சொல்லாகவும் வெளிவருகின்றன. வீட்டில் நடப்பதை வீதிக்குக் கொண்டுவரலாமா என்று முதியோர் முகஞ்சுளிக்கின்றனர். நம் மகிழ்ச்சியை நம்மவர் அறிவதில் என்ன குற்றம் என்று இளையோர் வினவுகின்றனர். இவ்விரு குரலையும் ஒரே கூரையின்கீழ்க் கேட்டு வாழ்பவர் நாம். ஆதலின் இவ்வழக்கத்தைப் பழிப்பதற்கும் புகழ்வதற்கும் முன், நம் முன்னோர் எவற்றை ஊரறியச் சொன்னார்கள், எவற்றைச் சொல்லாது காத்தார்கள் என்பதை வரலாற்றின் வழி நோக்குதல் நலம்.

கல்லில் எழுதியோர்

நாம் வாழும் வடமாலபேட்டை, திருப்பதிக்கும் புத்தூருக்கும் இடையே வேங்கடத்தின் நிழலில் அமைந்த ஊர். தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிப்பது இவ்வேங்கடத்தையே. அம்மலைமீதும் அடிவாரத்திலும் உள்ள கோயில்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. திருப்பதி தேவஸ்தானத்தார் 1930களில் இவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டு வெளியிட்டனர். அத்தொகுதிகளைப் புரட்டுவோர்க்கு அரசர் வரலாறு மட்டுமன்று, குடிமக்களின் வாழ்வும் கண்ணிற்படும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கி.பி. 966ஆம் ஆண்டளவில், காடவன் பெருந்தேவி என்னும் சாமவை திருவேங்கடமுடையானுக்கு வெள்ளியால் ஒரு திருமேனி செய்தளித்தாள். அணிகலன்களும் நிலமும் ஈந்தாள். தான் இன்னார் மகள், இன்னார் தேவி, இன்ன பொருள் கொடுத்தேன் என்பது கோயிற்சுவரில் பொறிக்கப்பட்டது. அவள் அளித்த திருமேனி போக சீனிவாசர் என்னும் பெயரில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. பிற்காலத்தில் கிருட்டிணதேவராயர் 1513ஆம் ஆண்டு தொடங்கிப் பன்முறை திருமலைக்கு வந்தார். தம் தேவியர் இருவருடன் கைகூப்பி நிற்கும் அவருடைய செப்புத் திருவுருவங்கள் இன்றும் கோயிலுள் நிற்கின்றன. பேரரசரும் தம் பத்தியை நாலுபேர் காண நிறுத்திவைக்கவே விரும்பினார் என்பது தெளிவு.

கோயிற்சுவரில் எழுதியதன் காரணம் வெறும் புகழாசை அன்று. அக்காலத்தில் கோயிற்சுவரே பதிவு அலுவலகம். விளக்கெரிக்க ஆடு விட்டவனும், அந்த ஆட்டைப் பேணி நெய் அளக்க ஒப்பியவனும் அச்சுவரின் சாட்சியத்தால் கட்டுண்டனர். கதிரும் நிலவும் உள்ளளவும் அறம் நடக்க வேண்டுமாயின் ஊர் அறிந்திருத்தல் வேண்டும். சுவரைப் பிரித்துத் திருப்பணி செய்த இடங்களிற் பழைய எழுத்தைப் படியெடுத்து மீண்டும் பொறித்த வழக்கமும் உண்டு. ஊரறியச் சொல்வது என்பது சாட்சி தேடுவது. இதுவே நாம் காணும் முதற்காரணம்.

சித்தூர்ப் பகுதியில் ஆங்காங்கே நிற்கும் நடுகற்களும் அவ்வாறே. ஆநிரை மீட்டு மாண்ட மறவனின் பெயரையும் செயலையும் கல் சொல்லும். அக்கல்லைத் தெரிந்தெடுப்பது முதல் வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. மறக்கப்படுவோமோ என்னும் அச்சத்துக்கு ஊர் அளித்த மறுமொழி நடுகல் என்க.

எனினும் ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். கல்லில் ஏறியவை கொடையும் வீரமும் பத்தியும். சாமவையின் கல்வெட்டிற் கொடையின் விவரம் விரிகிறது. கொடுத்தவளின் உள்ளம் விரியவில்லை. உள்ளத்தை உரைக்கத் தமிழர் வேறொரு வழி வைத்திருந்தனர்.

பெயர் சுட்டாத அகம்

காதல், பிரிவு, ஊடல் ஆகியவற்றைச் சங்கப் புலவர் ஒளிக்கவில்லை. ஆயின் அகப்பாட்டின் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரில்லை. ஒருவரைப் பெயர்சுட்டிச் சொல்லுதல் அகத்திணைக்கு ஆகாது என்பது இலக்கண மரபு. வேங்கடத்தைக் கடந்து வேற்றுமொழி வழங்கும் நாட்டுக்குப் பொருள் தேடிச் சென்ற தலைவனை எண்ணி வருந்தும் தலைவியரை மாமூலனார் பாடினார். வேங்கடத்துத் தலைவன் புல்லியின் பெயரை அவர் சொல்கிறார். வருந்துவோர் பெயரைச் சொல்லவில்லை. அதனாலன்றோ அத்துயரம் அவ்வழியே பிழைப்புத் தேடிப் போகும் எல்லார்க்கும் உரியதாயிற்று!

இம்மரபு எத்துணைக் கண்டிப்பானது என்பதற்கு இரு சான்றுகள் போதும். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மீது கொண்ட காதலை மூன்று பாடல்களில் வெளியிட்டார். வீட்டாருக்கு அஞ்சும் அச்சத்துக்கும் ஊரார்முன் கொண்ட நாணத்துக்கும் இடையே தவிக்கும் பெண்ணுள்ளம் அவற்றிற் பேசுகிறது. ஆயினும் காதலிக்கப்பட்டவன் இன்னான் என்று தெரிந்துவிட்டமையால், அவை அகநானூற்றில் இடம்பெறாது புறநானூற்றில் 83 முதல் 85 வரையுள்ள பாடல்களாயின. நெடுநல்வாடையோ பிரிவைப் பாடுவது. அதில் பாண்டியரின் அடையாளமான வேம்பு சுட்டப்பட்டமையால் அதுவும் புறமே என்று உரைகாரர் கொண்டனர். ஓர் இலை கூட ஆளைக் காட்டிவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆக, பெயரோடு சொல்லத்தக்கது புறம்; பெயரின்றிச் சொல்லத்தக்கது அகம். இன்றைய சமூக ஊடகம் செய்த பெரிய மாற்றம் இங்கேதான் உள்ளது. அகத்தைப் பெயரோடும் முகத்தோடும் ஊரோடும் அது சேர்த்துவிட்டது.

ஏட்டிலும் இதழிலும்

இடைப்பட்ட நூற்றாண்டுகளில் தனிவாழ்வை எழுதும் வழக்கம் படிப்படியாக வளர்ந்தது. புதுச்சேரியில் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கவர்னர் துய்ப்ளேயின் அரசியலும், வணிகக் கணக்கும், வீட்டு நன்மை தீமைகளும் அதில் அருகருகே கிடக்கின்றன. அஃது அச்சேறுவதற்காக எழுதப்பட்டதன்று. ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து 1846இல்தான் பிறர் கண்ணுக்கு வந்தது. தன்னோடு தான் பேசிக்கொள்ளும் ஆசைக்கு அந்நாட்குறிப்பு சான்று.

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தம் வாழ்க்கைச் சுருக்கத்தை வெளியிட்டார். கோவையிற் பயின்ற நாளில், தம் சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சிப் பிற மாணவரோடு கலவாது ஒதுங்கியிருந்ததை அவர் அதிற் குறித்துள்ளார். சிறுவனாக மறைத்ததை முதியவராக அச்சில் ஏற்றினார். அவ்வாறு சொல்வது தற்பெருமை ஆகுமா? ஆகாது. வாய்மூடியிருக்குமாறு வைக்கப்பட்டோர் வாய்திறப்பது உரிமைக்குரல். இன்றும் துன்புற்றோர் பலர் தம் கதையைச் சமூக ஊடகத்தில் வெளியிடுவதை இவ்வொளியில் நாம் காணல் வேண்டும்.

தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாத ஐயர் எண்பது வயதைக் கடந்தபின் 1940 முதல் ஆனந்த விகடன் இதழில் என் சரித்திரம் எழுதினார். 1942இல் அவர் மறையும்வரை அது வாரந்தோறும் வந்தது. தம் குடும்பத்தின் வறுமையையும், ஊர் ஊராகக் குடிபெயர்ந்த தந்தையின் அலைச்சலையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் அவர் தம்மைக் காட்டியது, தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் தமிழையும் காட்டுவதற்கே ஆம்.

அஞ்சலட்டைக் காலம்

எழுத்தாளரல்லாத நம்போன்றோர்க்கு வாய்த்த ஏடு அஞ்சலட்டை. 1879இல் இந்தியாவில் அறிமுகமான இவ்வட்டை உறையில்லாதது. தபால்காரர் படிக்கலாம், திண்ணையிலிருப்போர் படிக்கலாம், எழுத்தறியாத தாய்க்கு அடுத்த வீட்டுப் பிள்ளை படித்துச் சொல்லலாம். திறந்த அட்டையில் வீட்டுச்செய்தி எழுதப் பழகிய மக்கள் அதற்கென ஒரு நாகரிகமும் வகுத்துக்கொண்டனர். மூலைகளில் மஞ்சள் தடவினால் நற்செய்தி. கறுப்புக் கரையிட்டால் சாவுச்செய்தி. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, பிறர் அறியத்தக்கதை எழுதி, அறியத்தகாததை மற்றவை நேரில் என்னும் இரு சொல்லில் அடக்கி முடிப்பார்கள்.

இவ்விடத்தில் குடிபெயர்ந்தோர் நிலையைத் தனியே சொல்லுதல் வேண்டும். சொந்த ஊரில் இருப்பவன் தன்னைப் பற்றிச் சொல்லவேண்டிய தேவையே இல்லை. அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததும் எரியாததும் ஊருக்குத் தெரியும். ஊரை விட்டவனுக்கோ சொன்னாலன்றி எவரும் அறியார். எல்லை மாறியதால் இடம்பெயராமலே அயலார் ஆனவரும் உளர். 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலத்துள் சென்றது; 1960இல் திருத்தணி தமிழகம் சேர்ந்தது; 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கு பயிலும் நம் பிள்ளைகள் பலர்க்குத் தமிழெழுத்து வசப்படவில்லை. அவர்கள் தாத்தாவுக்குக் கடிதம் எழுத மாட்டார்கள். வாட்சப்பில் குரலை அனுப்புவார்கள். அக்குரலை வீண்பேச்சு என்று எவ்வாறு ஒதுக்குவது? 2020 ஊரடங்கில், பெற்றோரின் இறுதிச்சடங்கைக் கைப்பேசியிற் கண்டு கையெடுத்துக் கும்பிட்ட குடும்பங்கள் எத்தனையோ!

இன்றைய சுவர்

முகநூல் 2004இலும், வாட்சப் 2009இலும், இன்ஸ்டாகிராம் 2010இலும் தோன்றின. முகநூலில் விருப்பக்குறி வந்த ஆண்டும் 2009 ஆகும். அதுவரை சாட்சி தேடிய உள்ளம் அதன்பின் எண்ணிக்கை தேடத் தொடங்கிற்று. 2012இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் தயானா தமிர், சேசன் மிட்செல் ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தன்னைப் பற்றிப் பேசும்போது, உணவும் பொருளும் பெறுகையில் மகிழும் மூளைப்பகுதிகளே தூண்டப்படுகின்றன என்று அவ்வாய்வு கண்டது. அவ்வாறு பேசும் வாய்ப்புக்காகத் தமக்குக் கிடைக்கக்கூடிய பணத்தில் 17 முதல் 25 விழுக்காடு வரை விட்டுக்கொடுக்கவும் ஆய்வுக்கு உட்பட்டோர் முன்வந்தனர். நம் பேராசை பணத்தின்மீது மட்டுமன்று என்பதை இது காட்டுகிறது. ஊடக நிறுவனங்கள் இவ்வியல்பை அறிந்தே தம் விளம்பர வாணிகத்தை அமைத்துக்கொண்டன.

கல்வெட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுகள் மூன்று. கல்லில் எழுதப் பொருளும் காலமும் வேண்டும். ஆதலால் எண்ணி எழுதினார்கள். இங்கே எண்ணுமுன் எழுதி முடிகிறது. கல் ஓரிடத்தில் நின்றது. படிப்பவர் அதனிடம் வந்தார். இங்கே நாம் விடுத்த சொல் நாம் அறியாதாரிடம் தானே செல்கிறது. கல்லில் ஒருவர் தம் செயலையே எழுதினார். இங்கே பிறர் வாழ்வையும் நாமே எழுதிவிடுகிறோம். நோயிற் கிடக்கும் தந்தை படமெடுக்க இசைந்தாரா? தொட்டிலில் உள்ள குழந்தை இசைந்ததா? மகளின் மணவாழ்விற் கண்ட சிறு கசப்பை உறவினர் குழுவில் நாம் எழுதினால், அது ஆறியபின்னும் எழுத்து ஆறாதன்றோ!

2017 ஆகஸ்டு 24 அன்று புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தனிமனிதர் தரவுகளைக் காக்க 2023இல் நாடாளுமன்றம் சட்டமும் இயற்றியது. அரசிடமிருந்தும் நிறுவனத்திடமிருந்தும் நம்மைக் காக்கச் சட்டம் உண்டு. நம் பிள்ளைகளை நம் ஆர்வத்திலிருந்து காக்கவேண்டியவர் நாமே.

முடிவுரை

சாட்சி வேண்டும், மறக்கப்படலாகாது, அநீதியை உரைக்க வேண்டும், பிரிந்த சுற்றத்தோடு சேர்ந்திருக்க வேண்டும்: இவையே மாந்தர் தம் வாழ்வை ஊரறியச் சொல்வதன் காரணங்கள். இவை பழையன; பழிக்கத்தக்கன அல்ல. ஆதலால் இளையோர் கையிலுள்ள கைப்பேசியைக் கண்டு நாம் அஞ்சவேண்டுவதில்லை. அவர்களுக்கு நம் மரபின் அளவுகோலைக் கொடுத்தால் போதும். கொடையும் வெற்றியும் விழாவும் புறம். அவற்றைப் பெயரோடு சொல்லுக. காதலும் கண்ணீரும் பிணக்கும் அகம். சொல்லத்தான் வேண்டுமெனில் ஆளைக் காட்டாது சொல்லுக. இரண்டிலும் அடங்காத ஒன்று எப்போதும் எஞ்சி நிற்கும். அதற்கு நம் பாட்டன்மார் அஞ்சலட்டையின் அடியில் எழுதிய இரு சொற்கள் இன்றும் பழுதுபடவில்லை: மற்றவை நேரில்.