ஈரத்துணி வைத்தியம்



பழனியிலிருந்து கொடைக்கானல் 60 கி.மீ.க்கு மேல் மலைப்பாதை. கார்புரேட்டர் வைத்த அம்பாசிடர் கார்கள் கோடையில் ஏறும்போது திடீரென நின்றுவிடும். டாங்கில் பெட்ரோல் இருக்கும், கார்புரேட்டருக்கு வராது.

பெட்ரோல் 40 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கும். உயரம் ஏற ஏற இன்னும் சீக்கிரம். எஞ்சின் சூட்டில் குழாய்க்குள் ஆவி அடைத்தால், பம்பால் பெட்ரோலை இழுக்க முடியாது.

டிரைவர்கள் பானெட்டைத் திறந்து, பம்பில் ஈரத்துணி சுற்றிக் காத்திருப்பார்கள். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே கணக்கு. ஆவியாதல் பாடத்துக்கு நான் சொன்ன உதாரணம் இதுதான், நினைவிருக்கிறதா?

2000 வாக்கில் புகை விதிகள் இறுகி, கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. பம்பு டாங்குக்குள்ளேயே இருந்து அழுத்தித் தள்ளுவதால் பெட்ரோல் எளிதில் கொதிக்காது. 2014-இல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றது.

எத்தனையோ குடும்பங்களைப் பத்திரமாக மலையேற்றியது அந்த டிரைவர்களின் கையறிவு. உங்கள் வீட்டுப் பெரியவர்களில் அப்படி ஒருவர் இருந்தால், கேட்டு எழுதி வையுங்கள்.