டா வின்சியின் வேலை விண்ணப்பம்

லிங்க்ட்இன் வந்தது 2003ல். சுயவிவரத்தில் எதை முதலில் எழுதுவது என்ற குழப்பம் அதைவிட ரொம்பப் பழசு.

சுமார் 1482. ஃப்ளோரன்ஸில் ஓவியராகப் பெயரெடுத்த லியொனார்டோ டா வின்சிக்கு வயது 30. மிலானை ஆண்டுவந்த லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். லுடோவிகோவின் அப்போதைய கவலை ஓவியமல்ல, போர். எனவே கடிதத்தில் தூக்கிச் செல்லும் பாலம், அகழி நீரை வடிக்கும் வழி, பீரங்கி, மூடிய போர்வண்டி என்று எண் போட்டு 10 குறிப்புகள். அவற்றில் 9 போர் பற்றியவை! பத்தாவது, அமைதிக்காலக் கட்டிட வேலை. சிற்பம், ஓவியமெல்லாம் அதற்கும் பின்னால்தான். நம்பிக்கையில்லை என்றால் உங்கள் பூங்காவிலேயே செய்து காட்டத் தயார் என்கிறார். கடிதத்தின் உயிரே இதுதான்.

இன்று மிஞ்சியிருப்பது தேதியில்லாத ஒரு வரைவு. கையெழுத்து அவருடையதல்ல என்கிறார்கள். (விண்ணப்பத்தை அடுத்தவரை எழுதச் சொல்வது அப்போதே உண்டு போலும்!)

லுடோவிகோவின் தந்தை நினைவாக வெண்கலக் குதிரை செய்யலாம் என்றும் அதில் சொல்லியிருந்தார். மிலானில் வேலை கிடைத்தது. 1493ல் பிரம்மாண்டமான களிமண் மாதிரியும் தயாரானது. ஆனால் 1494ல் அதற்கான வெண்கலம் பீரங்கி செய்யப் போய்விட்டது. 1499ல் மிலானைப் பிடித்த பிரெஞ்சு வில்வீரர்கள் அந்தக் களிமண் குதிரையைக் குறிவைத்து அம்பெய்து பழகினார்கள்.