எத்தனை மணித்தியாலம் படிச்சனீங்கள்?

ஏ.எல் எடுத்த வருடம் எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். என்ன விளங்கிச்சு எண்டு ஒருத்தரும் கேட்கவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை விடிய 3 மணிக்கு எழும்புது, அவையின்ர அறையில லைற் எரியிறதைக் கண்டனாங்கள் எண்டுதான் கதை போகும். நாங்களும் அதை நம்பினோம். ரியூசன் முடிந்து வந்து, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, ரியூட்டில் மஞ்சள் கோடு அடித்து, அதையே திரும்பத் திரும்ப வாசித்தோம். பரீட்சை மண்டபத்தில் அந்தப் பக்கம் கண்ணுக்குள் நிற்கும். கோடு எந்த மூலையில் என்பதும் நினைவிருக்கும். அங்கே என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வராது.

இப்போது எங்களில் ஒருத்தியின் தங்கச்சி ஏ.எல் எடுக்கிறாள். வீட்டில் அவளிடமும் அதே கேள்விதான். மணித்தியாலத்தால் படிப்பை அளப்பது சரியா என்று தேடிப்போனபோது, இதை 140 வருடங்களுக்கு முன்பே ஒருவர் அளந்து பார்த்திருக்கிறார் என்பது தெரிந்தது.

அவர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், ஜேர்மன்காரர். 1879-80 இலும் பிறகு 1883-84 இலும் தன்னை மட்டுமே வைத்துப் பரிசோதனை செய்தார். அர்த்தம் உள்ள சொற்களை எடுத்தால் பழைய பழக்கம் உதவிவிடும் என்பதால், அர்த்தமில்லாத அசைகள் சுமார் 2300 ஐத் தானே உருவாக்கினார். அவற்றை வரிசையாக அடுக்கி, மணிக்கூட்டுத் தாளத்துக்கு வாசித்துப் பாடமாக்கினார். கொஞ்ச நேரமோ சில நாட்களோ விட்டு, அதே வரிசையைத் திரும்பப் பாடமாக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கெடுத்தார். 1885 இல் முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார்.

மறதி முதல் மணித்தியாலத்திலேயே வேகமாக விழுந்து, பிறகு மெதுவாகிறது என்பது அவருடைய பிரபலமான முடிவு. எங்களை நிறுத்தி வைத்தது இன்னொரு கணக்கு. 12 அசை கொண்ட ஒரு வரிசையை ஒரே நாளில் 68 தரம் படித்ததால் அடுத்த நாள் கிடைத்த பலனை, மூன்று நாட்களுக்குப் பிரித்துப் படித்தபோது 38 தரத்திலேயே அவர் பெற்றுவிட்டார். மூளை அதேதான், வரிசையும் அதே நீளம்தான். கிட்டத்தட்ட அரைவாசி உழைப்பு மிச்சம். பரீட்சைக்கு முதல் நாள் இரவு நாங்கள் செய்வது அந்த 68.

இதே 1880 களில்தான் இலங்கையின் ஆங்கிலப் பாடசாலைகளில் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் வேரூன்றின. தாளில் எழுதும் விடை ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் முறை இங்கே வந்து சேர்ந்தது. எப்படிப் படிக்கலாம் என்ற ஆராய்ச்சி அதோடு சேர்ந்து வரவில்லை.

சரி, அர்த்தமில்லாத அசைகளில் செய்ததை வைத்து எங்கட வரலாற்றுப் பாடத்தை எடைபோடலாமா? நியாயமான கேள்வி. 1939 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹெர்பர்ட் ஸ்பிற்சர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 3605 பேருக்கு உண்மையான பாடப்பகுதியைக் கொடுத்தார். வாசித்தவுடனே ஒரு சிறு சோதனை எழுதியவர்களுக்கு, எழுதாதவர்களைவிடப் பின்னாளில் அதிகம் நினைவிருந்தது. சோதனை என்பது படிப்பை அளக்கும் கருவி மட்டுமல்ல, அதுவே படிப்புத்தான் என்பது அதில் தெளிவானது.

2006 இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் கம்பஸ் மாணவர்களிடம் இதையே பார்த்தார்கள். ஒரு குழு ஒரு பந்தியைச் சராசரியாக 14 தரம் வாசித்தது. இன்னொரு குழு மூன்று நான்கு தரம் மட்டும் வாசித்துவிட்டு, தாளை மூடி வைத்து நினைவில் இருந்ததை எழுதியது, மூன்று முறை. ஒரு கிழமை கழித்து முதற் குழுவுக்கு நினைவிருந்தது சுமார் 40 வீதம், இரண்டாம் குழுவுக்கு 61 வீதம். ஆனால் ‘எனக்கு நல்லா ஞாபகமிருக்கும்’ என்று கூட நம்பியவர்கள் 14 தரம் வாசித்தவர்கள்தான். எங்கட மஞ்சள் கோட்டின் கதையும் இதுதான். திரும்ப வாசிக்கையில் பாடம் பழகிவிடும். பழகியதைத் தெரிந்தது என்று நினைத்து ஏமாந்துபோகிறோம்.

இவ்வளவும் வாசித்த பிறகு எங்களுக்கு நன்னூல் ஞாபகம் வந்தது. 13 ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதியது. 19 ஆம் நூற்றாண்டில் நல்லூர் ஆறுமுக நாவலர் பதிப்பித்தும் உரை எழுதியும் பரப்பியது. தமிழைப் பாடமாக எடுத்த நாங்கள் அதன் எழுத்ததிகாரத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறோம். முன்னால் இருக்கும் பொதுப்பாயிரத்தைப் பரீட்சைக்கு வராது என்று தாண்டிவிட்டோம். அங்கேதான் பாடம் கேட்கும் முறை இருக்கிறது. கேட்டதைத் திரும்ப நினைத்துப் பார்க்க வேண்டும், கூடப் படிப்பவர்களோடு பழக வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், கேட்ட கேள்விக்கு விடையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் சொன்னதை முழுதாக வாங்கிக்கொண்டாலும் கல்வியில் கால்வாசிதான் கிடைக்கும். இன்னொரு கால்வாசி சக மாணவரோடு பயில்வதில். மிச்ச அரைவாசி தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்.

முன்னோர் எல்லாவற்றையும் முதலே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. பவணந்தி எதையும் அளந்து பார்த்தவரல்லர். அந்தக் காலத்தில் ஆசிரியருக்கு முன்னால் போய் இருக்க எல்லாச் சாதியாருக்கும், பெண்களுக்கும் இடம் இருந்ததுமில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொன்னவர்கள் அனுபவத்தில் கண்டதும், பிறகு அளந்து கண்டதும் ஒரே திசையைக் காட்டுகின்றன. அதில் எங்கேயும் விடிய 3 மணி வரவில்லை.

கம்பஸில் நாங்கள் இதைத் தெரியாமலே செய்கிறோம். சோதனை கிட்டினால் விளங்கின ஒருத்தர் விளங்காதவர்களை இருத்திக் குப்பி எடுப்பார். குப்பி எடுத்தவருக்கு அந்தப் பாடம் பிறகு மறப்பதே இல்லை. அந்த அரைவாசி அவருக்குப் போய்விடுகிறது! அப்படியென்றால் எல்லோரும் முறை வைத்து ஆளுக்கொரு தலைப்பாகக் குப்பி எடுத்தால் என்ன?

மணித்தியாலக் கணக்கை நாங்கள் எதிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்லோரிடமும் மணித்தியாலம் இல்லை. எங்களோடு படித்தவர்களில் பின்னேரம் கடையில் நின்றவர்கள் இருந்தார்கள், தம்பி தங்கச்சியைப் பார்த்துச் சமைத்தவர்கள் இருந்தார்கள், ஒரே அறையில் ஏழு பேரோடு படுத்தவர்கள் இருந்தார்கள். ‘10 மணித்தியாலம் படிக்காட்டி பாஸ் பண்ணேலாது’ என்ற பேச்சு அவர்களைப் பரீட்சைக்கு முதலே தோற்கடித்தது. அவர்கள் கெட்டிக்காரர் இல்லை என்று நாங்களும் நினைத்தோம். இருந்த ஒரு மணித்தியாலத்தை எப்படிப் பாவிப்பது என்று அவர்களுக்கு ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

உழைக்காமல் பாஸ் பண்ணலாம் என்பதல்ல இது. எபிங்ஹவுஸும் 38 தரம் படிக்கத்தான் வேண்டியிருந்தது. கொப்பியை மூடிவிட்டு யோசிப்பது திரும்ப வாசிப்பதைவிடக் கஷ்டம், முதலில் ஒன்றும் வராது, வெட்கமாகவும் இருக்கும். அந்தக் கஷ்டத்தில்தான் பாடம் பிடிபடுகிறது.

போன கிழமை தங்கச்சி ஃபோன் எடுத்தபோது கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்த்தோம். ‘இண்டைக்குப் படிச்சதில ஒண்டைக் கொப்பி பார்க்காமல் எங்களுக்குச் சொல்லு.’ கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு தடக்கித் தடக்கிச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் நின்று, ‘பொறுங்கோ, இது எனக்கு வடிவா விளங்கேல்லை’ என்றாள்.

நாங்கள் ஏ.எல் எடுத்து முடிக்கும்வரை, எங்களுக்கு எது விளங்கவில்லை என்பதே தெரியாமல் இருந்தோம்.