பந்து தடைப்பட்ட இடத்தில் விழுந்தால்? - ஒரு கோல்ஃப் விதியின் கதை

கோச்சடை பக்கம் தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்களிடம் ஒரு சட்டம் உண்டு. பந்து அடுத்த வீட்டு காம்பவுண்டுக்குள் விழுந்தால் அவுட். எவ்வளவு அழகாக அடித்திருந்தாலும் சரி, மட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை, ஆனாலும் மதுரை முழுக்கச் செல்லுபடியாகும். காரணம் எளிது. அந்த இடம் ஆடுபவர்களுடையது அல்ல.

இதே சிக்கல் கோல்ஃபுக்கும் ஆரம்பத்திலேயே வந்தது. பணக்காரர்கள் வேலி போட்டுக்கொண்டு ஆடும் விளையாட்டு என்றுதான் இன்று நினைக்கிறோம். ஆனால் ஸ்காட்லாந்தில் எடின்பரோ அருகே லீத் என்ற ஊரில் அது ஆடப்பட்டது பொது நிலத்தில். 1744-ல் அங்கிருந்த ஆட்டக்காரர்கள் ஒரு வெள்ளி மட்டைப் போட்டிக்காக 13 விதிகளை எழுதி வைத்தார்கள். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கோல்ஃப் விதிகள் அவைதான்.

அதில் இரண்டு விதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 5-வது விதிப்படி, பந்து தண்ணீரிலோ சேற்றிலோ விழுந்தால் எடுத்து ஆடலாம், ஆனால் எதிராளிக்கு ஒரு அடி விட்டுக்கொடுக்க வேண்டும். 13-வது விதி வேறு மாதிரி. மைதானத்தைப் பாதுகாக்க வெட்டிய பள்ளம், வாய்க்கால், மாணவர்களின் குழிகள், சிப்பாய்களின் வரிசைகள் என்று சில இடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அங்கே விழுந்தால் பந்தை எடுத்து இரும்பு மட்டையால் ஆடு என்கிறது. எதிராளிக்கு அடி கொடுப்பது பற்றி அதில் பேச்சே இல்லை!

ஒன்று, ஆடியவனின் தவறு. அதற்கு விலை உண்டு. இன்னொன்று, அந்த நிலத்தில் இன்னொருவருக்கு இருக்கும் பங்கு. அதற்காக ஆட்டக்காரனைத் தண்டிப்பதில்லை. சுமார் 280 வருடங்களாக இந்த விதி வளர்ந்தது இந்த வித்தியாசத்தின் மேல்தான்.

சலுகை என்று வந்தால் அதைத் தவறாகப் பயன்படுத்துபவர்களும் வருவார்களே? எனவே இன்றைய விதி அளந்து கொடுக்கிறது. இடைஞ்சல் முழுவதும் நீங்கும் மிக அருகிலுள்ள புள்ளி, அங்கிருந்து ஒரு மட்டை நீளம், குழிக்குப் பக்கமாகப் போகவே கூடாது. பந்தைக் கீழே போடும் விதமும் மாறிக்கொண்டே வந்தது. முன்பு தோளுக்கு மேலாகப் பின்னால் போட வேண்டும். 1984 முதல் கையைத் தோள் உயரத்துக்கு நீட்டிப் போட்டார்கள். 2019 முதல் முழங்கால் உயரம். எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான்: சலுகை பெற்றவனுக்கு நஷ்டமும் வேண்டாம், லாபமும் வேண்டாம்.

அதே 2019 விதிகளில் 'ஆடத் தடை செய்யப்பட்ட பகுதி' தெளிவாக வரையறுக்கப்பட்டது. அரிய செடிகள் வளரும் இடம், இளம் மரக்கன்றுகள், அரசு நுழையக் கூடாது என்று சொன்ன நிலம் போன்றவற்றைப் போட்டிக் குழு அப்படி அறிவிக்கலாம். இங்கே சலுகை விருப்பம் அல்ல, கட்டாயம். பந்து வெளியே கிடந்தாலும், அதை அடிக்க அந்தப் பகுதிக்குள் நிற்க வேண்டியிருந்தால் அங்கிருந்து ஆடக் கூடாது.

ஆபத்துக்கும் இடம் உண்டு. 1940-ல் லண்டன் அருகே ரிச்மண்ட் கிளப், வெடிக்காத குண்டுகள் கிடந்த இடங்களில் சிவப்புக் கொடி நட்டுத் தற்காலிக விதிகள் எழுதியது. எதிரியின் தாக்குதலால் பந்து நகர்ந்தால் தண்டனை இல்லை. ஆனால் அடிக்கும் நேரத்தில் குண்டு வெடித்துக் குறி தவறினால், மறுபடி அடிக்க ஒரு அடி அபராதம்! மதுரைக்கு அருகே 1895-ல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பில் குண்டு இல்லை, காட்டுமாடு உண்டு. புல்வெளியில் அவை மேய்வது அங்கே சாதாரணக் காட்சி. ஆபத்தான விலங்கு பந்தருகே இருந்தால் அபராதமின்றி விலகி ஆட இன்றைய 16-வது விதி அனுமதிக்கிறது.

நிலம் யாருடையது என்ற கேள்வி தமிழ்நாட்டில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சென்னை கிண்டி குதிரைப் பந்தயப் பாதையின் நடுவே மெட்ராஸ் ஜிம்கானா கிளப் கோல்ஃப் ஆடி வந்தது. அந்த 160 ஏக்கர் சொச்சம் நிலம் 1946-லிருந்து ரேஸ் கிளப்புக்கு 99 வருடக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து வாயிலுக்கு சீல் வைத்தது. பந்து தடைப்பட்ட இடத்தில் விழுந்தால் ஒரு மட்டை நீளம் தள்ளி ஆடிக்கொள்ளலாம். மைதானமே தடைப்பட்ட இடமாகிவிட்டால் அதற்கு விதிப் புத்தகத்தில் பதில் கிடையாது, குத்தகைப் பத்திரத்தில்தான் தேட வேண்டும். லீத்தில் விதி எழுதியவர்களுக்கு, தாங்கள் ஆடுவது எல்லோருக்கும் பொதுவான நிலம் என்பது நினைவிருந்தது.