ஜீவனாம்சமும் பராமரிப்பும்: நீலகிரியை முன்வைத்து ஓர் ஆய்வு

தந்தையால் கைவிடப்பட்ட குழந்தைக்கு நீதிமன்றம் விதிக்கும் மாதத் தொகையை மக்கள் இன்றும் ஜீவனாம்சம் என்றே வழங்க, சட்டநூல்கள் அதனைப் பராமரிப்புத் தொகை என்று குறிக்கின்றன. முன்னது குடும்பச் சொத்திலிருந்து ஜீவனத்திற்கென ஒதுக்கப்படும் அம்சத்தைக் கருதிய இந்து தர்ம சாஸ்திர மரபினது. பின்னது சொத்துண்டா என்று வினவாது, பேணவேண்டிய கடமையை மட்டுமே நோக்குவது. பங்கிடச் சொத்தில்லாத தோட்டத் தொழிலாளரும், தந்தைமையைத் தமக்கே உரிய முறையில் நிர்ணயித்த பழங்குடியினரும் வாழும் நீலகிரியில், முன்னதிலிருந்து பின்னதற்குச் சட்டம் நடந்துவந்த வழி தெளிவாகப் புலப்படுகிறது.

சகோதரர் பலர் ஒரு பெண்ணை மணக்கும் வழக்கம் நிலவிய காலத்துத் தோடர்களிடையே தந்தை யார் என்பதை ஒரு சடங்கே தீர்மானித்தது. மரத்தில் மாடம் வெட்டி விளக்கேற்றி, குச்சியாலும் புல்லாலும் செய்த சிறு வில்லம்பைக் கருவுற்ற மனைவியின் கையில் அளித்தவனே, பிறக்கும் குழந்தைக்கும், வேறொருவன் வில் அளிக்கும்வரை அவளுக்குப் பின்னர்ப் பிறக்கும் குழந்தைகளுக்கும், தான் இறந்தபின்னுங்கூடத் தந்தையாகக் கருதப்பட்டான் என்று, 1906இல் வெளிவந்த தம் நூலில் மானிடவியலாளர் ரிவர்ஸ் விவரித்துள்ளார். ஆங்கிலேயச் சட்டம் பெரிதாகக் கொண்ட முறைப்படிப் பிறந்தவன், பிறவாதவன் என்னும் பாகுபாட்டிற்கு இம்முறையில் இடம் அரிது.

1861ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 316ஆம் பிரிவு, மனைவி மக்களைப் பேணாதவன்மீது மாஜிஸ்திரேட் மாதம் ஐம்பது ரூபாய்வரை விதிக்க அதிகாரமளித்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 488ஆம் பிரிவோ, குழந்தை விவாகத்திற்குள் பிறந்ததாயினும் புறத்தே பிறந்ததாயினும், தன்னைத்தானே காத்துக்கொள்ள இயலாததாயின் அதற்கு உரிமையுண்டு என்று உரைத்தது. 1956ஆம் ஆண்டு இந்து தத்து மற்றும் பராமரிப்புச் சட்டம், மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. ஆதலின் தோடர், கோத்தர், இருளர், குறும்பர் ஆகியோரின் குழந்தைகளுக்கு, ஜாதி மத பேதமற்ற இக்குற்றவியல் பிரிவே முக்கியப் புகலிடமாயிற்று.

தோட்டத் தொழிலாளரின் நிலையும் ஈண்டுக் கருதத்தக்கது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, கடன்காரரிடமிருந்து உழைப்பாளியைக் காக்கும் நல்நோக்குடன் கூலியாளின் கூலியை ஜப்தியிலிருந்து விலக்கியது. கூலியன்றி வேறு சொத்தில்லாத தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அவ்விலக்கே, பராமரிப்பு கோரித் தாய் பெற்ற சிவில் டிகிரியை வெறுங்காகிதமாக்க வல்லதாயிற்று. மாஜிஸ்திரேட்டின் உத்தரவோ, வாரண்டிற்குப் பின்னும் செலுத்தாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம்வரை சிறையிட வல்லது. 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பி, 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த மக்கள், 1889ஆம் ஆண்டின் சட்டத்தால் இதையொத்த பரிகாரம் வழங்கிய இலங்கையிலிருந்து வந்தவர்களே. அங்கு இதற்குத் தாபரிப்பு என்று பெயர்.

எனினும் தொகையின் உச்சவரம்பு குழந்தையின் பசியைப் பின்பற்றி உயரவில்லை. 1923இல் நூறு, 1955இல் ஐந்நூறு என ஏறிய அது, 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125ஆம் பிரிவிலும் ஐந்நூறாகவே நின்று, 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீங்கிற்று. இடைக்காலப் பராமரிப்பு சட்ட வாசகத்தில் இடம்பெற்றதும் அத்திருத்தத்தின் பேறே. 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், மனுச் செய்த நாள் முதலே தொகை கணக்கிடப்படவேண்டும் என்றும், இருதரப்பாரும் வருவாய், சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரத்தில் வெளியிடவேண்டும் என்றும் பணித்தது.

தந்தையின் சொத்தையும் பிறப்பின் முறையையும் கடந்து குழந்தையின் தேவையே உரிமைக்கு ஆதாரமாயிற்று என்பது இவ்வரலாற்றின் முடிவு. 2024 ஜூலை 1 முதல் இவ்வுரிமை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் நிலைபெற்றுள்ளது. நிலுவைத் தொகையை வாரண்டு மூலம் பெற, அது செலுத்தற்குரியதான நாளிலிருந்து ஓராண்டிற்குள் மனுச் செய்யவேண்டும் என்பதைத் தாய்மார்கள் மறவாதிருத்தல் வேண்டும்.